நாகப்பன் மன்னிப்புக் கேட்ட கேசட்

1

போன மாதம் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பியபோது, விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, கைலிக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் அடுக்கியிருந்த கேசட்டுகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கடையில் வாங்கிய கேசட் என்றால் உறையில் படம் இருக்கும். என்னுடையவற்றில் பேனாவால் எழுதிய தமிழ் மட்டும்தான். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கேட்டுப் பார்த்த பிறகுதான் தருவார்களாம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி மும்தாஜ் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அந்த நாடகத்தக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தன வருசம் அழுவீங்க? ஏதாச்சும் ஏடாகூடமா இருக்குன்னு விசாவுல கை வச்சான்னா புள்ளைங்க படிப்பு என்னாவுறது?"

எனக்கும் அந்தப் பயம்தான். இங்கே வந்து ஏழு வருடமாகிறது. ஒரு அதிகாரி முகம் சுளித்தால் ஏழு வருடமும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

வரச்சொன்ன நாளில் போனேன். மேஜைமேல் டேப்ரிகார்டர் இருந்தது. இதெல்லாம் என்ன என்று கேட்டார். நாடகம் என்பதற்கு 'மஸ்ரஹ்' என்று சொல்லவேண்டும். பதற்றத்தில் 'மஸ்ரஃப்' என்று வந்துவிட்டது. அதற்கு வங்கி என்று அர்த்தம். அவர் ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். அறை முழுக்கச் சிரிப்புச் சத்தம்.

"உங்கள் ஊர் வங்கியில் இவ்வளவு சிரிப்பார்களா?"

வார்த்தையைத் திருத்திச் சொன்னேன். அவர் கொஞ்சம் இளகினார். ஆனால் கேசட்டை நிறுத்தவில்லை. சிரிப்புக்கு நடுவே ஒரு ஆண் குரல் உடைந்து உடைந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"இந்த ஆள் என்ன சொல்கிறார்?"

"மன்னிப்புக் கேட்கிறார்."

"அப்படியானால் ஜனங்கள் ஏன் சிரிக்கிறார்கள்?"

அரிசி வாங்க, வாடகை பேச, லீவு கேட்க எனக்கு அரபி உண்டு. இதற்கு இல்லை. நான் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, சீட்டில் முத்திரை குத்திப் பையைத் தள்ளிவிட்டார். அவருக்குச் சொல்ல முடியாததை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

எனக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. இங்கே வருவதற்கு முன்னால் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். சவுதியில் இருந்த அண்ணன் ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து கொடுத்தார். வானொலியும் டேப்பும் சேர்ந்த பெட்டி. குரும்பலூர் கோவிந்தராஜுவும் அதே மாதிரி ஒன்றை அண்ணன் மூலமாகவே வாங்கினான். இரண்டு பெட்டியும் கையில் இருந்ததால் நாங்கள் நண்பர்களானோம் என்றுகூடச் சொல்லலாம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்தக் கோயில் திருவிழாவில் நாடகம் போட்டாலும் போய்விடுவோம். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராஜா பேசுவதும் ராணி பாடுவதும் எந்த ஊரிலும் மாறாது. மாறுவது பபூன் பேச்சு ஒன்றுதான். பபூன் என்றால் கோமாளி வேஷக்காரர். வந்து நின்று, அந்த ஊர் சங்கதியை ஆர்மோனியக்காரரோடு பேசிச் சிரிக்கவைப்பார். இன்று பேசியது நாளைக்கு இருக்காது. அதனால்தான் மைக்செட்காரரைச் சரிக்கட்டி, ஹாரன் பக்கத்தில் பெட்டியை வைத்துப் பதிவு பண்ணுவோம். எங்களைப் போல அரியலூர், உடையார்பாளையம், தொழுதூர் என்று அங்கங்கே ஆட்கள் இருந்தார்கள். ஒன்று கொடுத்தால் ஒன்று வாங்கலாம். அதுதான் பழக்கம். 'நேர்ப் பதிவு' வைத்திருப்பவனுக்கு மதிப்பு. காப்பிக்குக் காப்பி எடுத்தது என்றால் இரைச்சல்தான் முதலில் கேட்கும்.

எங்கள் எல்லாருக்கும் பிடித்த பபூன் நாகப்பன். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்து ஊர். அந்த ஊரில் ஒரு ரைஸ்மில்காரர். வயலும் அவருடையது, மில்லும் அவருடையது. நாகப்பன் மனைவி அஞ்சலையும் உறவுப் பெண்களும் அந்த வயலில்தான் களை எடுத்தார்கள். கூலி நெல்லும் அந்த மில் தராசில்தான் நிறுத்துக் கொடுத்தார்கள். நாகப்பன் குடியிருந்த மனையே மில்காரருடையது.

நான் இங்கே வருவதற்குச் சில மாதம் முன்னால், திருவிழாவில் சொந்த ஊர் மேடையில் நாகப்பன் ஏறினார். முன்வரிசை நாற்காலியில் மில்காரர்.

"நேத்து மில்லுக்குப் போனேன்" என்று நாகப்பன் ஆரம்பித்தார். "தராசுல நான் ஏறி நின்னேன். அறுவது கிலோ. கரெக்டு. ஐயாவூட்டு மூட்ட ஏறுச்சு. அதுவும் கரெக்டு. எம் பொஞ்சாதி கூலி நெல்லக் கொண்டாந்து வச்சா பாருங்க..."

"வச்சா?" என்றார் ஆர்மோனியக்காரர்.

"தராசுக்குத் தூக்கம் வந்துடுச்சு."

"அடடா! தட்டி எழுப்ப வேண்டியதுதான?"

"எப்படி எழுப்புறது? பக்கத்துலயே ஒக்காந்து ஐயா தாலாட்டுல்ல பாடுறாரு!"

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வெடித்தது. ஆர்மோனியக்காரர் அடுத்த வரியை எடுக்க மூன்று தடவை முயற்சி பண்ணி விட்டுவிட்டார். மில்காரரும் சிரித்தார். எழுந்து வந்து நாகப்பன் சட்டையில் ஒரு ரூபாய் நோட்டைக் குத்தினார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அன்றைக்கு என் பெட்டியில் பேட்டரி போய்விட்டது. கோவிந்தராஜுதான் பதிவு பண்ணினான். அவ்வளவு துல்லியமான பதிவு எங்களில் யாரிடமும் இல்லை.

3

கேசட் பரவியது. எனக்கு ஒன்று, அரியலூருக்கு ஒன்று, அங்கிருந்து இன்னும் நாலு பேர். பெரம்பலூர் டீக்கடையில் போட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

கூலி வாங்க மில்லில் வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, தன் மூட்டை தராசில் ஏறும்போது வாய்க்குள் 'ஆராரோ' என்று முனகியிருக்கிறாள். பின்னால் நின்றவள் சேர்ந்துகொண்டாள். பிறகு வரிசை முழுவதும். யார் என்று கேட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரமும் அதேதான்.

நாகப்பன் கடைக்கு வந்தபோது நான் ஒரு கல்யாண வீட்டுக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தேன். மேக்கப் இல்லாமல் அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்றார்.

"பாய், ஒரு நிமிசம் வெளிய வாங்க."

சந்துக்குள் போனோம்.

"ஐயா கூப்புட்டு வுட்டாரு. வர்ற அமாவாசைக்குள்ள அந்தக் கேசட்டு பூராவும் மில்லுல வந்து கெடக்கணுமாம். ஒண்ணு வெளிய இருந்தாலும் வூட்டக் காலி பண்ணுன்னுட்டாரு. அஞ்சலைக்கு ரெண்டு நாளா வேல இல்ல. அவ தங்கச்சிக்கும் இல்லன்னுட்டாங்க."

"அன்னிக்கு அவரே சிரிச்சாரேண்ணே."

"அன்னிக்கு சிரிச்சாரு. நான் பேசுனது அன்னிக்கே காத்தோட போயிருக்கும் பாய். என் பொழப்பே அதுதான். காத்தோட போற பேச்சு. நீங்கள்லாம் புடிச்சு வச்சுக்கிட்டீங்க. இப்ப நான் தெனமும் பேசிக்கிட்டே இருக்கேன். தூங்கும்போதுகூட எங்கேயோ பேசிக்கிட்டிருக்கேன்."

அன்று சாயந்திரமே அவரைக் கூட்டிக்கொண்டு குரும்பலூர் போனேன். கோவிந்தராஜு கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"காப்பியெல்லாம் வாங்கிக் குடுங்க. ஒரிஜினலக் குடுக்க மாட்டேன். அந்தாளு ஒடச்சுப் போட்டுருவான். இந்த மாதிரி ஒண்ணு இனிமே வராதுடா ஜமாலு."

"அவரு வூடு போவுதுடா!"

"அந்தக் கேசட்டுதான் அவருக்கு வூட்ட விடப் பெருசு."

நாகப்பன் வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, ஒங்களுக்கு வூடு இருக்கு. அதனால அப்படித் தோணுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோவிந்தராஜு முகம் கறுத்து உள்ளே போய்விட்டான். அவன் வீட்டுக்கு மட்டும் மில்காரர் ஆள் அனுப்பமாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். நிலபுலன் உள்ள குடும்பம், மில்காரரோடு தூரத்துச் சம்பந்தமும் இருந்தது.

யார் யாரிடம் வாங்கினார்கள் என்று விசாரித்துக்கொண்டே நானும் நாகப்பனும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். யாரும் சும்மா தரவில்லை. ஒன்றுக்கு ஒன்று. என்னிடம் இருந்த நேர்ப் பதிவுகள் ஒவ்வொன்றாகப் போயின.

அரியலூரில் ஒரு சலூனில் அந்தக் கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் உள்ளே போகும்போது சரியாகத் தாலாட்டு இடம். முகத்தில் சோப்போடு இருந்தவர்கூடக் குலுங்கினார். நாகப்பன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் குரலைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு நடுவில், கையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு. யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் சலூன்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இதக் கேக்கத்தான் ஆளுங்க இங்க வர்றாங்க. நீங்க யாருங்க கேக்குறதுக்கு?"

"நான் இல்லீங்க. அவரு கேக்குறாரு. இதுல பேசுறது அவருதான்."

எல்லாரும் திரும்பினார்கள். "எங்க, அந்த வரியச் சொல்லுங்க பாப்போம்" என்றார் சோப்புக்காரர்.

நாகப்பன் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. டேப்பில் அவர் குரல் கணீரென்று பேசிக்கொண்டிருந்தது. சலூன்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொத்தானை அழுத்திக் கேசட்டை வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

அமாவாசைக்கு முந்தின நாள், கோவிந்தராஜுவின் ஒரிஜினல் தவிர எல்லாவற்றையும் மில்லில் கொண்டுபோய்க் கொட்டினோம். மில்காரர் ஒன்றை மட்டும் காலால் மிதித்து உடைத்தார்.

"துபாய்க்கு ஒண்ணு போயிருக்காமே?"

போயிருந்தது. ஊரில் எல்லா அரபு நாடும் துபாய்தான். எங்கள் ஊர் தாஜுதீன் லீவு முடிந்து ஷார்ஜா போகும்போது எடுத்துப்போயிருந்தான்.

"அதுவும் வரட்டும். அதுவரைக்கும் வூட்டுல இருந்துக்க" என்றார் மில்காரர்.

4

நான்கு மாதத்தில் எனக்கே ஷார்ஜா விசா வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நாகப்பன் வந்திருந்தார். "போனதும் மொத வேல அதுதான் பாய்" என்றார். அவ்வளவுதான்.

முதல் வாரம் தாஜுதீன் இருந்த தொழிலாளர் கேம்ப்பைத் தேடிப்போனேன். தகரக் கொட்டகை. ஒரு அறையில் எட்டுப் பேர். கட்டிலுக்கடியில் எல்லாருக்கும் ஒரு பெட்டி என்றால் தாஜுதீனுக்கு இரண்டு. ஒன்று முழுக்கக் கேசட். தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேசவே விட்டான்.

"எங்கிட்ட இருக்கறதத் தரேன் மச்சான், வாங்கிக்க. ஆனா அபுதாபில ரெண்டு இருக்கு. சவுதில, தம்மாம்ல இருக்கு. குவைத்துக்கு ஒருத்தன் கொண்டுபோனான். அவன் எத்தன பேருக்குக் குடுத்தான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். எதையெல்லாம் திருப்பி வாங்குவ?"

கை கழுவ எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் எல்லாரும் இத வாங்குனாங்கன்னு தெரியுமா?" என்றான். "இங்கயும் ஓவர்டைம் எழுதுறப்ப அந்த மேஸ்திரிக்குத் தூக்கம் வந்துடுதுல்ல."

கட்டில்களில் படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே ஒவ்வொரு சிரிப்பும் அங்கே ஒரு வீட்டின் கூரையில் கை வைக்கிறது என்று தோன்றியது. 'ஷார்ஜாவில் இருந்ததை வாங்கிவிட்டேன்' என்று மட்டும் ஊருக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். அது உண்மைதான். போதாத உண்மை.

5

அடுத்த வருடத் திருவிழா முடிந்து சில வாரம் கழித்து ஊரிலிருந்து வந்த ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்தார். கோவிந்தராஜு அனுப்பியது. அவனும் நானும் அந்தக் குரும்பலூர் சாயந்திரத்துக்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை, கேம்ப்பில் எல்லாரும் இருக்கும்போது போட்டோம்.

முதலில் அவன் குரல், அடங்கி வந்தது.

"ஜமாலு, கேசட்டு குவைத் வரைக்கும் போனது மில்காரருக்குத் தெரிஞ்சுபோச்சு. இது அவரு சொல்லிப் புடிக்கிறது. நாகப்பன் மேடையில மன்னிப்புக் கேக்கணுமாம். அதக் கேசட்டுல புடிச்சு, பழசு எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் அனுப்பணுமாம். துபாய்ல இருக்கறவனும் கேக்கட்டும்னாரு. முடியாதுன்னேன். நாகப்பனே வந்து, நீங்களே புடிங்க தம்பி, தெரியாதவன் புடிச்சா எடக்குமுடக்கா ஆயிடும்னாரு. அதான் வந்து ஒக்காந்திருக்கேன்."

பிறகு ஹாரன் இரைச்சல். நாகப்பன் குரல். பபூன் குரல் இல்லை. சந்துக்குள் என்னிடம் பேசிய குரல்.

"எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் இதே மேடையில ஐயாவப் பத்தித் தப்பாப் பேசிட்டேன். ஐயா மில்லுத் தராசு நல்ல தராசு. அதுல ஒரு கொறையும் இல்ல."

எங்கோ ஒரு குழந்தை இருமுவது கேட்டது.

"அந்தத் தராசு தூங்காது" என்றார் நாகப்பன்.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அடக்க முயற்சி பண்ணி முடியாமல் வந்த சிரிப்பு. இன்னொருத்தி. பிறகு நாலைந்து பேர்.

"சிரிக்காதீங்கம்மா. நெசமாத்தான் சொல்றேன்."

சிரிப்பு ஏறியது.

"ஐயா ஒக்காந்திருக்காரு. தாயி, கும்புட்டுக் கேட்டுக்குறேன், சிரிக்காதீங்க. அது தூங்குனத நான் பாக்கவே இல்ல!"

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. போன வருடத்துச் சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஊரே சிரித்தது. அதற்கு அடியில் நாகப்பன் குரல் "அம்மா... அம்மா..." என்று கெஞ்சுவது விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு நாற்காலி விழும் சத்தம். கேம்ப்பிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். தாஜுதீன் அவர்களைத் திரும்பிப் பார்த்தான். நிறுத்திக்கொண்டார்கள்.

மறுபக்கத்தைப் போட்டோம். மறுபடி கோவிந்தராஜு. மூச்சு வாங்கியது.

"மில்காரரு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆள் வுட்டு இந்தக் கேசட்டயும் கேட்டாங்க. அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன். விடிஞ்சதும் நாகப்பன் வூட்டுக் கூரையப் பிரிச்சுட்டாங்க. நான் வண்டி கட்டிக்கிட்டுப் போயி சாமானெல்லாம் ஏத்திட்டு வந்துட்டேன். நம்ம கொல்லையில பம்புசெட்டு ரூம்புலதான் இருக்காங்க. எங்கப்பா என்கூடப் பேசல. அவங்கள அனுப்புனாத்தான் வூட்டுக்குள்ள வரணுங்கிறாரு. நானும் பம்புசெட்டுலதான் படுத்துக்கிட்டிருக்கேன். ஜமாலு, அன்னிக்கு அவரு சொன்னது சரிதான்டா. வூடு இருக்கறவனுக்கு வேற மாதிரி தோணுது."

என் மகன் இர்பான் இங்கே வளர்கிறவன். தமிழ் அவனுக்குப் பாதி புரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அத்தா, ஒய் இஸ் ஹி க்ரையிங்?" என்றான். இவன் தமிழைத் தொலைத்துவிட்டான் என்று நானும் மும்தாஜும் எத்தனையோ முறை வருத்தப்பட்டிருக்கிறோம். வார்த்தை புரியாதவனுக்கு அழுகை மட்டும் நேராகக் கேட்டிருக்கிறது.

6

இந்த லீவில் குரும்பலூர் போனேன். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் இப்போது ஓட்டு வீடு. கோவிந்தராஜுவின் அப்பா ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு அவரே ஓடு இறக்கிக் கொடுத்தாராம். நாகப்பனுக்கு இந்தப் பக்கத்துத் திருவிழாக் கமிட்டிகள் நாடகம் தருவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் போய் ஆடிவிட்டு வருகிறார். எந்த ஊரிலும் டேப் பெட்டியைக் கண்டால் மேடை ஏறுவதில்லையாம்.

மில்லில் தராசு மாறவில்லை என்று அஞ்சலை சொன்னார். ஆனால் பெண்கள் மூட்டை ஏற்றும்போது மில்காரர் அந்தப் பக்கம் உட்காருவதில்லை. கணக்குப்பிள்ளைதான் இருக்கிறார். அவரும் இரண்டு தரம் நிறுத்துக் காட்டுகிறாராம்.

நான் பையிலிருந்து டேப்பையும் அந்த மன்னிப்புக் கேசட்டையும் எடுத்ததும் நாகப்பன் கையைக் காட்டித் தடுத்தார்.

"வேணாம் பாய். ஊரே என்னப் பாத்து சிரிச்சுச்சு. நான் கும்புடக் கும்புடச் சிரிச்சுச்சு. அத எதுக்கு மறுபடி கேக்கணும்?"

"போடுங்க தம்பி" என்றார் அஞ்சலை. "நானும் பொம்பளைங்க பக்கத்துல ஒக்காந்து சிரிச்சவதான். இத்தன வருசமா இந்தாளு என்ன நெனச்சுக்கிட்டிருக்காருன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

நாகப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒன்னப் பாத்தா சிரிச்சோம்?" என்றார் அஞ்சலை. "நீ மில்லுக்காரரு தராசு தூங்காதுன்னு சொல்றப்ப, அந்தாளு நாக்காலியில நெளிஞ்சது ஒனக்குத் தெரியல. வெளக்கு ஒன் கண்ணுல அடிச்சுச்சு. எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. அதப் பாத்து சிரிச்சோம்யா."

நான் பொத்தானை அழுத்தினேன். நாகப்பன் தரையைப் பார்த்தபடி கேட்டார். 'அந்தத் தராசு தூங்காது' வந்ததும் அவர் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. முதல் பெண் சிரித்தாள். பிறகு நாலைந்து பேர். பிறகு எல்லாரும். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். கெஞ்சுகிற தன் குரலை, வேறு யாரோ ஒரு பபூனைக் கேட்கிற மாதிரி, காதைச் சாய்த்துக் கேட்டார். நாற்காலி விழுந்தது. அதோடு நிறுத்தப் போனேன்.

"இருங்க பாய். கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க."

ஓட்டினேன். இன்னொரு தடவை கேட்டார்.

"இந்தா, இந்த எடம்" என்றார். "'தூங்குனத நான் பாக்கவே இல்ல'ன்னு அவசரப்பட்டு ஓடிட்டேன் பாருங்க. 'தூங்குனத'ன்னுட்டு அங்க ஒரு மூச்சு நிறுத்தியிருக்கணும். நிறுத்தியிருந்தா இன்னும் சிரிச்சிருப்பாங்க."